பல்வலியோடு வாங்கிய மில்லிங் மெஷின்

என் தங்கச்சி வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. அதுகூடப் பரவாயில்லை, வாயை மூடிக்கொண்டால் தீர்ந்தது. அவருக்கு வாயை மூடினாலும் முகம் பேசும். பிடித்த பொருளைக் கண்டால் புருவம் இரண்டும் மேலே ஏறும், கன்னம் விரியும், காது மடல் சிவக்கும். இந்த முகத்தோடு பழைய சாமான் வாங்கப் போவதும், பையில் இருக்கும் பணத்தை எண்ணிக் காட்டிவிட்டுப் பேரத்துக்கு உட்காருவதும் ஒன்றுதான்.

நான் அவரை மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார், மூன்று பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். பதினான்கு வருஷம் ஒரே பட்டறையில், இரும்பை வெட்டிச் செதுக்கும் மில்லிங் மெஷின் முன்னால் நின்றவர். நின்றவர் என்று சொல்லக் கூடாது, உட்கார்ந்தவர். முதுகு வலிக்கிறது என்று தன் உயரத்துக்கு அளவெடுத்து ஓர் இரும்பு ஸ்டூலைத் தானே செய்து வைத்திருந்தார். ஒருநாள், அளவு தப்பிய முந்நூறு உருப்படிகளைப் பெட்டியில் போட்டு அனுப்பச் சொன்னார் முதலாளி. "அரை மில்லிதான, எவன் பாக்கப் போறான்" என்றார். "நான் பாத்துட்டேனே" என்றார் மாப்பிள்ளை. அன்றைக்கே வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

முதலாளி கோபப்படவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். ஸ்டூலின் மேல் ஒரு துணியைப் போர்த்தி, "இதுல யாரும் உக்காராதீங்கப்பா. மூணு மாசம். தானா வந்து உக்காருவான்" என்று பட்டறை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டார். அந்தப் பேச்சு எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர இரண்டு நாள் ஆனது. அதற்குப் பிறகு அந்த ஸ்டூலும் தினமும் எங்களோடுதான் சாப்பிட்டது.

தப்பிக்க ஒரு வழி இருந்தது. சக்கர நாற்காலி செய்யும் ஒரு கம்பெனி, பிரேக்கைத் தாங்கும் அலுமினியத் துண்டு நாற்பது செய்து காட்டச் சொல்லியிருந்தது. சரியாக வந்தால் வருஷம் முழுக்க வேலை. அதற்கும் மூன்று மாசம்தான் கெடு. நாற்பதும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றாக இருக்க வேண்டும் என்றால் கம்ப்யூட்டர் ஓட்டும் சிஎன்சி மெஷின் வேண்டும். புதிதாக வாங்குவதென்றால் வீட்டை விற்க வேண்டும். வீட்டை விற்றால் மெஷினை எங்கே வைப்பது?

ஆகவே மாப்பிள்ளை ஒரு திட்டம் போட்டார். கையால் சுற்றி ஓட்டும் பழைய மில்லிங் மெஷின் ஒன்றை வாங்குவது. கைப்பிடிகளைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மோட்டாரை வைப்பது. சுற்றுகிற வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுப்பது. தங்கச்சி தன் சேமிப்பை எடுத்து நீட்டினாள். பின்னறையில் இருந்த துணி துவைக்கும் மெஷினைக் குளியலறைக்குத் தள்ளினாள். தையல் டேப்பால் கதவு நிலையை அளந்தாள். தரையில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டு, "இதுக்குள்ள நிக்கற மாதிரி பாத்து வாங்குங்க. ஒரு விரல் வெளிய வந்தாலும் என் இஸ்திரி மேஜைக்கு இடம் போயிடும்" என்றாள். மூன்று வாரம் வீட்டில் எல்லோரும் அந்தக் கட்டத்தைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தோம். இல்லாத மெஷினை இடித்துக்கொள்ளக் கூடாதே.

பேரம் என் பொறுப்பு. நானும் தங்கச்சியும் துணிக்கடைக்காரர் பிள்ளைகள். எங்கள் கடைத்தெருவில் இரண்டு வழக்கம் உண்டு. ஒன்று, எந்தக் குணத்துக்காகப் பொருளை வாங்குகிறோமோ அதைப் பற்றி மூச்சு விடக் கூடாது. நமக்குக் கவலையே இல்லாத ஒரு குறையைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும். துணியின் ஓரம் பிசிறு பிசிறாக இருக்கிறது என்று அரை மணி நேரம் அழுது விலையைக் குறைப்பார்கள். அந்த ஓரத்தை எப்படியும் வெட்டி எறிந்துவிட்டுத்தான் தைக்கப் போகிறார்கள். இரண்டாவது வழக்கம், நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொன்ன விலையிலிருந்து பின்வாங்கக் கூடாது. முதலாவதில் நான் மன்னன். இரண்டாவது என்னை எப்படிக் கவ்வியது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

கிளம்புவதற்கு முதல் நாள் மாப்பிள்ளையைச் சமையலறையில் உட்கார வைத்தேன்.

"மாப்ள, மெஷின்ல எது முக்கியம்னு சொல்லுங்க. நான் அதப் பத்திப் பேசவே மாட்டேன்."

அவர் கரண்டி டிராயரை இழுத்துக் காட்டினார். "இந்த மாதிரிதான் மச்சான். இரும்ப வச்சு வெட்டற மேஜை, ஒரு தடத்துல இழுத்த மாதிரி நேரா போகணும். தடம் தேஞ்சிருந்தா போச்சு. அதுக்கு மருந்தே கிடையாது."

"அப்ப கைப்பிடி?"

"கைப்பிடி ஒரு பெரிய ஸ்க்ரூவச் சுத்தும், ஸ்க்ரூ மேஜையத் தள்ளும். பழசுல ஸ்க்ரூவும் நட்டும் தேஞ்சு போயி, கைப்பிடி கால் சுத்து சும்மா ஆடும். அப்புறம்தான் மேஜை நகரும். கையால ஓட்டறவனுக்கு அது பெரிய தலைவலி."

"நமக்கு?"

"நமக்கென்ன. அந்த ஸ்க்ரூவையே கழட்டிக் கடாசிட்டு பால் ஸ்க்ரூ போடப்போறோம். உள்ள குண்டு ஓடற ஸ்க்ரூ, ஆட்டமே இருக்காது."

எனக்குப் புல்லரித்துவிட்டது. கழற்றிக் கடாசப் போகிற சாமானில் ஒரு குறை. பிசிறு ஓரம் இரும்பில் கிடைத்தால் இப்படித்தான் இருக்கும்.

மிச்சம் இருந்தது மாப்பிள்ளையின் முகம். அதற்குத் தங்கச்சி ஒரு மஃப்ளரோடு வந்தாள். "பல்வலின்னு சொல்லி, ஒரு கன்னத்துல பஞ்சு வச்சு, தாடையோட சேத்துக் கட்டி விட்டுடறேன் அண்ணா. கண்ணு மட்டும் வெளிய தெரியட்டும். மெஷின் மோசம்னா ஒரு தடவ முனகட்டும், நல்லா இருந்தா ரெண்டு தடவ."

"அது பொய் இல்லையா?" என்றார் மாப்பிள்ளை.

"வாயத் தொறந்து சொன்னாத்தான பொய். நீங்கதான் தொறக்கவே போறதில்லையே."

கிடங்கு ஊருக்கு வெளியே, லாரிகள் நிற்கும் மைதானத்துக்குப் பக்கத்தில் இருந்தது. தகரக் கூரை. தரையெல்லாம் எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. வரிசையாகத் தார்ப்பாய் போர்த்திய மெஷின்கள், ஆஸ்பத்திரி வார்டு மாதிரி. கிடங்குக்காரர் ஒல்லியான மனிதர். மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி. வாசலில் இரண்டு லாரி டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அங்கே என்ன வேலை என்று தெரியவில்லை. டீதான் வேலை போல.

"என்ன ஆச்சு இவருக்கு?" என்றார் கிடங்குக்காரர்.

"பல்வலி. டாக்டர்கிட்ட போற வழியில வந்தோம். சும்மா பாத்துட்டுப் போயிடறோம்."

"சும்மா பாக்கறவங்கதான் வாங்குவாங்க" என்று தார்ப்பாய்கள் இரண்டை உருவினார். "ரெண்டும் அண்ணன் தம்பி. ஒரே கம்பெனி, ஒரே வருஷம், ஒரே அளவு. தம்பிய அலங்காரம் பண்ணிட்டேன். அண்ணனுக்கு இன்னும் குளிக்க நேரம் வரல."

தம்பிக்குப் புதுப் பச்சைப் பெயின்ட். கைப்பிடிகள் முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தன. ஒரு விரலால் சுற்றினேன், ஆட்டமே இல்லாமல் மேஜை நகர்ந்தது. நானாக இருந்தால் அங்கேயே பணத்தை எடுத்திருப்பேன். மாப்பிள்ளை, மேஜையைத் தடத்தோடு அழுத்திப் பிடிக்கும் ஆப்பு ஒன்றை ஸ்க்ரூ டிரைவரால் கொஞ்சம் இறுக்கி, மேஜை நடுவில் ஆடாதபடி செய்தார். பிறகு ஓரத்துக்குச் சுற்றினார். பாதி வழியில் கைப்பிடி கல் மாதிரி நின்றுவிட்டது. நடுவில் தடம் தேய்ந்துவிட்டது, ஓரத்தில் தேயவில்லை என்று அர்த்தம். ஒரு முனகல் வந்தது.

"பாவம், ரொம்ப வலி போல" என்றார் கிடங்குக்காரர்.

அண்ணன் பரிதாபமாக இருந்தது. மேலெல்லாம் இரும்புத் தூளும் கிரீஸும் சேர்ந்து பாறையாகியிருந்தது. கூரையில் குடியிருந்த புறாக்கள் தங்கள் பங்குக்கு வெள்ளை அடித்திருந்தன. கைப்பிடியைத் தொட்டேன், இந்தப் பக்கம் கால் சுற்று, அந்தப் பக்கம் கால் சுற்று, மேஜை அசையவே இல்லை. மாப்பிள்ளை குனிந்து தடத்தில் இருந்த அழுக்கைக் கட்டை விரலால் வழித்தார். உள்ளே மீன் செதில் போல வரி வரியாகக் குறிகள் தெரிந்தன. மெஷின் பிறந்தபோது கையால் சுரண்டிய குறிகள். தடம் தேய்ந்திருந்தால் முதலில் அழிவது அவைதான். பிறகு ஆப்பை இறுக்கி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சுற்றினார். மேஜை ஒரே சீராகப் போனது.

முனகல் ஒன்று. முனகல் இரண்டு. இரண்டாவது கிட்டத்தட்டப் பாட்டு.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "இது என்ன விலை?"

"எண்பது."

"கிலோவுக்கா?"

கிடங்குக்காரர் சிரிக்கவில்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும், எதிரில் நிற்பவரும் வியாபாரிதான் என்று. நான் கைப்பிடியை ஆட்ட ஆரம்பித்தேன். ஆட்டிக்கொண்டே பேசினேன்.

"இத யாருங்க வாங்குவா? இது கைப்பிடியா, கடிகாரப் பெண்டுலமா?"

"மேஜையப் பாருங்க சார்."

"மேஜை இருக்கட்டும். கைப்பிடி இந்த ஆட்டம் ஆடுதே. இவரு பாவம், பல்லும் ஆடி, மெஷினும் ஆடினா எப்படிப் பொழைப்பாரு?"

டிரைவர்கள் இருவரும் டீயோடு பக்கத்தில் வந்துவிட்டார்கள். சபை கூடிவிட்டால் எனக்கு நாக்கு நிற்காது. எண்பதாயிரம் எழுபத்தைந்து ஆனது. எழுபது ஆனது. கைப்பிடியை ஆட்டி ஆட்டி அறுபதுக்குக் கொண்டுவந்தேன். "அம்பத்தஞ்சு" என்று நான் சொன்னபோது அவர் பதில் சொல்லாமல் நின்றார். அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் டிரைவர்களில் ஒருவர் என் பேச்சை ரசித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவரை ஏமாற்ற மனம் வரவில்லை.

"பாருங்க, எனக்கு இருக்கற மனக்குறை இது ஒண்ணுதான். இந்த ஆட்டம் மட்டும் இல்லேன்னு வைங்க, நீங்க கேட்ட எண்பத மறுபேச்சு பேசாம எடுத்து வச்சிருப்பேன்."

கிடங்குக்காரர் நெற்றிக் கண்ணாடியைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தார். "மறுபேச்சு பேசாம?"

"பேசாம."

"சரி. கொஞ்சம் முன்பணம் குடுத்துட்டுப் போங்க. திங்கக்கிழமை லாரியோட வாங்க. நமக்குள்ள சண்டை வராது."

லாரியோடு வாருங்கள் என்று சொல்லிவிட்டால் ஐம்பத்தைந்துக்குச் சம்மதித்துவிட்டார் என்றுதானே பொருள்? பஸ்ஸில் ஏறியதும் மாப்பிள்ளை மஃப்ளரை அவிழ்த்துவிட்டு வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தார். "யாரோ தடத்துக்கு தினமும் எண்ணெய் விட்டிருக்காங்க மச்சான். நட்டுக்கு விடத்தான் மறந்துட்டாங்க. அந்த மனுஷன் நல்லா இருக்கணும்." மீதிப் பணத்தில் பால் ஸ்க்ரூ, மோட்டார் எல்லாம் அடங்கிவிடும் என்று டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக் காட்டினார். தங்கச்சி கேட்டாள், "அம்பத்தஞ்சுன்னு அவர் வாயால சொன்னாரா?"

"அதெல்லாம் சொன்ன மாதிரிதான்."

"சொன்ன மாதிரியா, சொன்னாரா?" என்றவள், "திங்கக்கிழமை நானும் வரேன்" என்று டேப்பை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை அவசரத்தில் பஞ்சு வைத்து மஃப்ளரை நான்தான் கட்டிவிட்டேன். கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. அதே டிரைவர்கள், அதே டீ. கிடங்குக்காரர் எங்களுக்கும் டீ சொல்லிவிட்டு, "அண்ணனப் பாருங்க" என்றார்.

அண்ணன் குளித்திருந்தது. கைப்பிடிகள் பளபளவென்று இருந்தன.

"சுத்திப் பாருங்க சார்."

சுற்றினேன். மயிரிழை ஆட்டம் இல்லை. இன்னொரு தடவை சுற்றினேன், அப்போதும் இல்லை.

"உங்களுக்கு இருந்த ஒரே மனக்குறை" என்றார் கிடங்குக்காரர், பிள்ளைக்கு மருந்து ஊட்டுகிற குரலில். "என் ஃபிட்டரச் சனி, ஞாயிறு ரெண்டு நாளும் உக்கார வச்சு, நல்ல ஸ்க்ரூ, நல்ல நட்டு போட்டாச்சு. எண்பது எடுத்து வைங்க. மறுபேச்சு பேச மாட்டேன்னு சொன்னீங்க."

"ஆமா, சொன்னாரு" என்றார் ரசித்துத் தலையாட்டிய அந்த டிரைவர்.

மனசுக்குள் கணக்குப் போட்டேன். எண்பது கொடுத்தால் மெஷின் வரும். மோட்டாரும் பால் ஸ்க்ரூவும் வராது. சாக்பீஸ் கட்டத்துக்குள் ஓர் இரும்புப் பொம்மை நிற்கும், மாப்பிள்ளை அந்தத் துணி போர்த்திய ஸ்டூலில் போய் உட்காருவார். கொடுக்க மாட்டேன் என்றால், சபையில் சொன்ன சொல்லை விழுங்கியவன் ஆவேன். அந்த ஸ்க்ரூ எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லலாமா? அப்படியென்றால் போன வாரம் ஒரு மணி நேரம் எதற்காகக் கைப்பிடியை ஆட்டினேன்?

மாப்பிள்ளை கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தார். மஃப்ளருக்கு மேலே தெரிந்த கண்கள் கலங்கின. அதை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, நான் தடுப்பதற்குள் சொல்லிவிட்டார்.

"எதுக்குங்க இவ்வளவு சிரமப்பட்டீங்க? இந்த ஸ்க்ரூவ நான் கழட்டிக் கடாசத்தான போறேன். இதுல மோட்டார் வச்சு, சிஎன்சி ஆக்கப்போறேன்."

கிடங்குக்காரர் கைப்பிடியிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார்.

"கடாசப் போறீங்க" என்றார் கிடங்குக்காரர் மெதுவாக. "அப்ப அந்த ஆட்டம் உங்களுக்கு ஒரு குறையே இல்ல."

"இல்லைங்க" என்றார் உத்தமர்.

"குறையே இல்லாத மெஷினுக்கு நான் எதுக்குங்க விலையக் குறைக்கணும்? எண்பதுதான்."

ஸ்க்ரூ வேண்டும் என்றாலும் எண்பது, வேண்டாம் என்றாலும் எண்பது. இந்த மனிதரிடமே வேலைக்குச் சேர்ந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவர் இன்னும் முடிக்கவில்லை.

"அப்புறம் சார், போன வாரம் வலி இடது கன்னத்துல இருந்துச்சு. இன்னைக்கு வலது கன்னத்துல கட்டி இருந்தீங்க. கவனிச்சுக்குங்க. பரவற வியாதி போல."

டிரைவர் டீயைத் துப்பிவிட்டார்.

இந்த நேரம் பூராவும் தங்கச்சி எங்கள் பக்கமே இல்லை. டேப்பை வைத்து அண்ணனை நீளம், அகலம், உயரம் அளந்துவிட்டு, அடுத்த தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து குரல் வந்தது.

"ஐயா, இந்தப் பச்சை மெஷினுக்குக் கைப்பிடி எங்க?"

கிடங்குக்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"கைப்பிடியும் இல்ல, உள்ள ஸ்க்ரூவும் இல்ல. தம்பியோடதக் கழட்டி அண்ணனுக்குப் போட்டிருக்கீங்க." பச்சை மெஷினில் கட்டியிருந்த அட்டையைத் திருப்பிப் படித்தாள். "வித்துப் போச்சு. இன்னைக்கு நாலு மணின்னு எழுதியிருக்கு. யாரு வராங்க?"

"ஒரு காபிக் கடைக்காரருங்க" என்றார் டிரைவர், கேட்காமலேயே. "கண்ணாடிக்குப் பின்னால அலங்காரமா நிறுத்தப் போறாராம். வரவங்க போறவங்க சும்மா சுத்திப் பாக்கப் பளபளன்னு கைப்பிடி இருக்கணும்னாரு. அதப் பாத்துத்தான் வாங்கினாரு."

கிடங்குக்காரர் அவரைப் பார்த்த பார்வையில் டீ ஆறியிருக்கும். "அடுத்த வாரம் வரேன்னாரும்மா. காலையில ஃபோன் பண்ணி இன்னைக்கேங்கறாரு. அதெல்லாம் ஃபிட்டர் பாத்துக்குவாரு."

"ஃபிட்டர் எங்க?"

"லீவு."

"சனி, ஞாயிறு வேலை செஞ்ச மனுஷன், திங்கக்கிழமை லீவு எடுக்கத்தான் செய்வாரு. வேற யாராவது?"

அவர் அட்டையைத் திருப்பி வைத்தார். தங்கச்சி மாப்பிள்ளையைப் பார்த்தாள். "ஏங்க, இங்க கழட்டி அங்க மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு மணி நேரம். அவசரமா மாட்டியிருந்தா மூணு."

"நாலு மணிக்குள்ள ஆயிடும்." அவள் ஒரு மரப்பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எங்கள் கடைத்தெருவில் பேரம் பேசுகிறவர் உட்கார்ந்துவிட்டால், முடிக்காமல் எழுந்திருக்க மாட்டார் என்று அர்த்தம். "இப்படிச் செய்யலாம் ஐயா. இவரு அண்ணன்கிட்ட இருக்கற ஸ்க்ரூவக் கழட்டுவாரு. தேஞ்சு போன பழைய ஸ்க்ரூவத் தம்பிக்கு மாட்டி, உங்க பளபளா கைப்பிடியப் போட்டுக் குடுப்பாரு. கண்ணாடிக்குப் பின்னால நிக்கறது ஆடினா என்ன, ஆடாட்டி என்ன. நல்ல ஸ்க்ரூ உங்க கையில நிக்கும். அதத் தனியா வித்துக்குங்க. எங்களுக்கு வெறும் மெஷின் போதும்."

"எண்பது" என்றார் அவர். குரலில் வலு இல்லை.

"அம்பது."

"என்னம்மா இது, உங்க அண்ணனே அம்பத்தஞ்சுன்னாரு."

"எங்க அண்ணன் கேட்டது ஸ்க்ரூவோட. நான் கேக்கறது ஸ்க்ரூ இல்லாம."

கிடங்குக்காரர் இரண்டு கண்ணாடியையும் கழற்றித் துடைத்தார். வாசலில் கடிகாரம் பதினொன்றரையைக் காட்டியது. தங்கச்சி அதைப் பார்க்கவே இல்லை. பார்க்காமல் இருப்பதற்கும் ஒரு பயிற்சி வேண்டும்.

"அம்பத்தஞ்சு" என்றார். "அதுக்குக் கீழ போனா என் வீட்ல என்ன உள்ள விட மாட்டாங்க."

"சரி, அம்பத்தஞ்சு. அந்த மூலையில கிடக்குதே, சாமானப் புடிச்சு நிறுத்தற வைஸ், அதையும் லாரியில ஏத்திடுங்க. அது துருப்புடிச்சுக் கிடக்கு, உங்களுக்கு இடத்த அடைக்குது."

வைஸில் துரு துளிக்கூட இல்லை. ஆனால் அதை எடுத்துச் சொல்ல அவருக்குத் தெம்பும் இல்லை. "போன வாரம் நீங்க வந்திருந்தா நான் கடையச் சாத்திட்டுப் போயிருப்பேன்மா" என்றார்.

மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துக்கொண்டே ஒரு நிபந்தனை போட்டார். "காபிக் கடைக்காரர்கிட்ட தடம் நடுவுல தேஞ்சிருக்குன்னு சொல்லிடணும்."

"தம்பி, அவரு அது மேல காபி டம்ளர்தான் வைக்கப் போறாரு."

"இருந்தாலும்."

"சொல்லிடறேன். உங்க பல்லு மேல சத்தியமா."

மூன்றரைக்கு வேலை முடிந்தது. நாலு மணிக்கு வந்த காபிக் கடைக்காரரிடம் கிடங்குக்காரர் தடத்தைப் பற்றிச் சொல்லத்தான் செய்தார், அவர் "எந்தத் தடம்?" என்றார். பிறகு கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தார். அது கால் சுற்று சும்மா ஆடியது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "போன தடவ கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சு. இப்பத்தான் சுத்தறதுக்கு நல்லா இருக்கு" என்றார். கிடங்குக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். ஒரு மணி நேரம் நான் திட்டிய அதே ஆட்டம்.

மெஷினைத் தலை வேறு, மேஜை வேறு, உடம்பு வேறாகப் பிரித்துக் கதவு வழியாக உள்ளே கொண்டுபோனோம். சாக்பீஸ் கோட்டுக்கு உள்ளே ஒரு விரல் மிச்சம் இருந்தது. இஸ்திரி மேஜை தப்பித்தது. அடுத்த இரண்டு மாசம் பின்னறையிலிருந்து ஸ்பேனர் விழும் சத்தமும் கம்ப்யூட்டரிடம் மாப்பிள்ளை கெஞ்சும் சத்தமும் மாறி மாறி வந்தன. முதல் துண்டு கோணலாக வந்தது. இரண்டாவது துண்டு வரவே இல்லை, கத்தி உடைந்தது. ஐந்தாவதை அவர் அளந்து பார்த்துவிட்டுத் தங்கச்சி கையில் கொடுத்தார். அவள் அதை இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டு கண்ணைத் துடைத்தாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பாள்.

சக்கர நாற்காலிக் கம்பெனிக்காரர் நாற்பதையும் ஒவ்வொன்றாக அளக்க ஆரம்பித்தார். முப்பதாவதில் அளப்பதை நிறுத்திவிட்டு, மாசத்துக்கு எத்தனை முடியும் என்று கேட்டார்.

அன்றைக்கு மூன்று மாசக் கெடுவில் கடைசி நாள். மாப்பிள்ளை, "பட்டறைக்குப் போய்ட்டு வரலாமா?" என்றார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கிளம்பும்போது தங்கச்சி மஃப்ளரை எடுத்தாள். மாப்பிள்ளையிடம் போகாமல் நேரே என்னிடம் வந்தாள்.

"எனக்கு எதுக்குடி? நான்தான பேசணும்."

"அதுக்குத்தான்" என்று தாடையோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டாள். "எந்தக் கன்னம்னு ஞாபகம் வச்சுக்கோ."

பட்டறையில் மாப்பிள்ளையைக் கண்டதும் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. முதலாளி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். முகத்தில் வெற்றி வழிந்தது. "சொன்னேன்ல. வா வா. உக்காரத்தான வந்த?"

"ஆமா சார், உக்காரத்தான்" என்றாள் தங்கச்சி. "எங்க வீட்ல. ஸ்டூல எடுத்துட்டுப் போகலாம்னு வந்தோம். மெஷின் வந்துருச்சு, வேலையும் வந்துருச்சு. உக்காரத்தான் ஒண்ணும் இல்ல."

மாப்பிள்ளை போர்த்தியிருந்த துணியை எடுத்து, அழகாக மடித்து, அவர் கையில் கொடுத்தார். ஸ்டூலைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். முதலாளிக்கு எதையாவது பேசியாக வேண்டும்; என் பக்கம் திரும்பினார்.

"இவருக்கு என்ன?"

"பல்வலி" என்றாள் தங்கச்சி. "எங்க வீட்ல மாத்தி மாத்தி வருது."

எனக்குச் சொல்ல நூறு வார்த்தை இருந்தது. முதலாளிக்கென்றே மூன்று மாசமாகச் சேர்த்து வைத்த வார்த்தைகள். மஃப்ளர் விடவில்லை. மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். புருவம் மேலே ஏறியிருந்தது, கன்னம் விரிந்திருந்தது, காது மடல் சிவந்திருந்தது.

நான் இரண்டு தடவை முனகினேன்.